லேபிள் அக்கா

தோல் ஆலையின் வாசலில் வந்து இறங்கியதும் மூக்கி முதலில் கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தாள். மற்றவர்கள் அந்த வாசலில் கைக்குட்டையைத் தேடுவார்கள். இவள் நிதானமாக நின்று ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

“சுண்ணாம்பு. ஈரத் தோல். மீன் எண்ணெய். அந்தப் பக்கம் யாரோ சாயம் கொதிக்க வைக்கிறாங்க.”

“எனக்கு ஒண்ணும் தெரியலை,” என்றான் கணவன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

“உங்களுக்கு எப்போதான் தெரிஞ்சுது.”

அவளுக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஆனால் பிறந்த வீட்டிலிருந்து புகுந்த வீடு வரைக்கும் எல்லோரும் அவளை மூக்கி என்றே கூப்பிட்டார்கள். பக்கத்து வீட்டில் பால் அடிப்பிடிப்பதற்கு முன்பே அடுப்பை அணைக்கச் சொல்லிக் குரல் கொடுக்கிறவள் அவள். கணவனுக்கோ எட்டு வருஷமாகச் சளி. அவன் மூக்கு முகத்துக்கு அழகாக இருந்ததே தவிர வேறு எதற்கும் உதவவில்லை. வயர் கருகினால்கூடப் புகையைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்வான், இத்தனைக்கும் பார்ப்பது மின்வேலை. அதனால்தான் இருவரும் எப்போதும் ஒரே இடத்தில் வேலை தேடினார்கள். கேட்கிறவர்களிடம் பிரிந்திருக்க முடியவில்லை என்று வெட்கத்தோடு சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அவனைத் தனியே விட அவளுக்குப் பயம்.

இந்த ஆலையில் இருவருக்கும் இடம் கிடைத்தது. அவளுக்குச் சோதனைக்கூடம், அவனுக்குப் பழுது பார்க்கும் பிரிவு. சோதனைக்கூடம் மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடந்ததாம். அடுத்த வாரம் ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள், அதற்குள் திறந்து ஓட வைக்க வேண்டும் என்று மேலாளர் சொல்லியிருந்தார்.

சாவிக்கொத்தோடு கிடங்கு அண்ணன் வந்தார். கிடங்கைப் பார்த்துக்கொள்கிற பெரிய உடம்புக்காரர். முற்றம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தவர், சோதனைக்கூடத்துப் படிக்கட்டில் நின்றுவிட்டார்.

“உள்ளே எல்லாம் எழுதியே இருக்கும்மா. நான் வந்து காட்ட வேண்டியதில்லை.”

உண்மையிலேயே எல்லாம் எழுதியிருந்தது.

சுவர்க் கடிகாரத்தின் கீழே வெள்ளைச் சீட்டு: ‘ஐந்து நிமிடம் மெதுவாக ஓடும். நம்ப வேண்டாம்.’ ஒரு நாற்காலி முதுகில்: ‘ஒரு கால் குட்டை. உட்காருபவரே பொறுப்பு.’ குழாயில்: ‘முதலில் இருமும், பிறகு தண்ணீர் வரும்.’ அலமாரி, தராசு, துணி மாட்டும் ஆணி எதையும் விடவில்லை. எல்லாம் ஒரே கையெழுத்து, இடது பக்கம் சாய்ந்த சின்னச் சின்ன எழுத்து. ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சரிக் குறி.

மூக்கிக்குச் சிரிப்பு வந்தது. எழுதியவளை அப்போதே பிடித்துப்போனது.

“யாருண்ணே இது?” என்று வெளியே பார்த்துக் கேட்டாள்.

“லேபிள் அக்கா. நாங்க அப்படித்தான் கூப்பிடுவோம். லேபிள்ல இருந்தா வேதவாக்கு, இல்லாட்டி தொடவே மாட்டாங்க. தினமும் காலையில எல்லாத்தையும் ஒரு தடவை படிச்சு, பழசை அழிச்சுட்டுப் புது டிக் போடுவாங்க.”

“இப்போ எங்கே வேலை பார்க்கிறாங்க?”

கிடங்கு அண்ணன் சாவிக்கொத்தில் எதையோ தேடினார். “இப்போ இல்லைம்மா,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார்.

கூடத்தின் கோடியில் ஒரு கதவு. அதிலும் சீட்டு: ‘இது கழிப்பறை அல்ல. கழிவு அறை. அவசரத்தில் வருபவர்கள் வலது பக்கம் திரும்பவும்.’

சிரித்துக்கொண்டேதான் அந்தக் கதவைத் திறந்தாள். உள்ளே ஒரு உயரமான ஸ்டூல், ஒரு மர அலமாரி, இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள். ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மேலே புகைபோக்கி விசிறி, இறக்கையெல்லாம் துரு. ஜன்னல் என்று எதுவும் இல்லை.

இரண்டடி வைத்தாள். ஏதோ சரியில்லை. என்னவென்று புரியச் சற்று நேரமானது.

நாற்றம் இல்லை.

மூன்று வருஷம் பூட்டிய அறை. தூசி மணக்க வேண்டும், துரு மணக்க வேண்டும், பீப்பாய் மணக்க வேண்டும். வாசலுக்கு வெளியே ஒரு ஆலை முழுக்கத் தோல் நாறிக்கொண்டிருக்கிறது. அந்த நாற்றம் கதவு வரைக்கும் அவள் கூடவே வந்து, நிலைப்படியில் நின்றுவிட்டது. தன் புறங்கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். காலையில் தேய்த்த சோப்பு வாசனைகூட இல்லை.

பிறந்ததிலிருந்து அவளுக்கு இப்படி ஒன்று நேர்ந்ததே இல்லை.

ஒரு அடி பின்னால் வைத்தாள். சுண்ணாம்பும் தோலும் மீன் எண்ணெயும் ஒரே மூச்சில் திரும்பி வந்தன. வயிற்றைப் புரட்டும் அந்த நாற்றம் அன்றைக்கு அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

சளி பிடிக்கப் போகிறது போலிருக்கிறது, எல்லாம் இவரிடமிருந்து வந்ததுதான் என்று கணவன் மேல் பழியைப் போட்டுவிட்டு வேலையைத் தொடங்கினாள்.

வேலை இருந்தது நிறைய. தோலைப் பதப்படுத்த ஆலையில் பல அமிலங்கள் ஓடும். அதில் ஒன்று எறும்பு அமிலம். எறும்பு கடித்தால் சுரீர் என்கிறதே, அதே சரக்கு. மூடியைத் திறந்தாலே மூக்கின் நடுத்தண்டில் குத்தும். இன்னொன்று அடர்ந்த கந்தக அமிலம். அதற்கு வாசனை பெரிதாகக் கிடையாது, ஆனால் தண்ணீர்த் தாகம் உண்டு. எதில் விழுந்தாலும் அதிலிருக்கும் நீரைப் பிடுங்கிக்கொள்ளும். சர்க்கரையில் விழுந்தால் சர்க்கரை கரியாகி எழுந்து நிற்கும்.

சோதனை முடிந்து மிஞ்சியதை இரண்டு கண்ணாடிப் பாட்டில்களில் தனித்தனியே பிடித்தாள். வேறு இடம் இல்லாததால் கழிவு அறை அலமாரியில் வைத்தாள். சிவப்புப் பீப்பாயின் மேல் பெரிய அச்செழுத்தில் ‘அமிலக் கழிவு’ என்று ஒட்டியிருந்தது. நீலத்தில் ‘காரக் கழிவு’. அந்தக் கூடம் முழுக்கத் தேடினாலும் கையால் எழுதாத சீட்டுகள் அவை இரண்டுதான்.

அன்று மதியம் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது ஒரு சத்தம் கேட்டது.

டிங். டிங்.

கண்ணாடிக் குச்சியைப் பாத்திரத்தின் விளிம்பில் இரண்டு முறை தட்டுகிற சத்தம். கடைசிச் சொட்டை உதிர்க்க இந்த வேலையில் இருக்கிற எல்லோரும் செய்வது. அவளே நாளைக்கு நூறு முறை தட்டுவாள். அதனால் சட்டென்று உறைக்கவில்லை. கையைத் துடைத்த பிறகுதான், கூடத்தில் தன்னைத் தவிர யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. கடிகாரத்தைப் பார்த்தாள். சீட்டில் சொன்னபடி ஐந்து நிமிடத்தைக் கூட்டினால், ஒரு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது.

மறுநாள் காலை எறும்பு அமிலப் பாட்டில் காலியாக இருந்தது. காலி மட்டும் இல்லை, கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைத்திருந்தது. கந்தக அமிலப் பாட்டிலும் அப்படியே, பக்கத்திலேயே. சிவப்புப் பீப்பாயில் கை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

கையை வெடுக்கென்று எடுத்தாள்.

யார் வந்தது என்று எல்லோரிடமும் கேட்டாள். யாரும் வரவில்லை. சாவி அவளிடம்தான் இருந்தது. அன்றைக்குக் கழிவு அறைக்குப் புதுப் பூட்டு வாங்கிப் போட்டாள். அதற்கடுத்த நாளும் பாட்டில்கள் கழுவிக் கவிழ்ந்திருந்தன. இந்த முறை பீப்பாய் மூடிக்கு அடியில் ஏதோ மெல்லக் குமுறுவதும் கேட்டது. அவள் வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். தலை விண்ணென்று தெறித்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னாள். வயதுக்கு மேல் நரைத்த மனிதர், எப்போதும் அத்தர் மணக்கும். சோதனைக்கூடத்தின் பக்கமே அவர் வந்து அவள் பார்த்ததில்லை.

“அந்த ரெண்டு அமிலமும் சேரக் கூடாது சார். யாரோ தினமும் சேர்க்கிறாங்க.”

“ஆய்வு வருதும்மா. இந்த நேரத்துல கதை கட்டாதே,” என்றார். சொன்னபோது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாப்பிடும்போது கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினான்.

“சேர்ந்தா என்ன ஆகும்?”

“எறும்பு அமிலத்துல இருக்கிற நீரைக் கந்தக அமிலம் பிடுங்கிடும். நீர் போனதும் மிஞ்சுறது ஒரு வாயு. கார்பன் மோனாக்சைடு. அந்தக் குத்துற வாசனையும் அதோட போயிடும். நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணும் எரியாது. கன்னம் சிவக்கும், தூக்கம் வரும், அவ்வளவுதான். அப்புறம் எழுந்திருக்க மாட்டோம்.”

“அப்போ அந்த விஷயத்துல உனக்கும் எனக்கும் ஒரே மூக்குதான்,” என்று சிரித்தான்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்குத் தூக்கமும் சரியாக வரவில்லை. அவன் குறட்டை விடுவதைக் கேட்டுக்கொண்டே கிடந்தாள். குறட்டை நின்றபோதெல்லாம் எழுந்து அவன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் தேநீர் நேரத்தில் கிடங்கு அண்ணனைத் தேடிப் பிடித்தாள். “அண்ணே, லேபிள் அக்கா எப்படிப் போனாங்க?”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“அந்த அறையிலதான்மா. மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி அன்னன்னைக்குக் கழிவை ஊத்திட்டுத்தான் வருவாங்க. அன்னைக்கு விசிறி ரிப்பேர். அக்காவைக் காணோம்னு போய்ப் பார்த்தா, ஸ்டூல்ல உட்கார்ந்திருக்காங்க. கையில கண்ணாடிக் குச்சி. கன்னமெல்லாம் செக்கச்செவேல்னு, குளிச்சுட்டு வந்த மாதிரி. அப்படி ஒரு களையை உயிரோட இருந்தப்போ நான் அவங்க முகத்துல பார்த்ததில்லை. தூங்குறாங்கன்னுதான் நினைச்சோம். மேலாளர் வந்து, வேலை நேரத்துல என்ன தூக்கம்னு அஞ்சு நிமிஷம் நின்னு திட்டினாரு.” டம்ளரை இன்னும் தள்ளி வைத்தார். “அஞ்சு நிமிஷம்மா. அப்புறம் தோளைத் தொட்டாரு.”

“ரெண்டையும் ஏன் சேர்த்தாங்க? அவங்களுக்குத் தெரியாதா?”

“கவனக்குறைவுன்னு அறிக்கையில எழுதிட்டாங்க,” என்றார் கிடங்கு அண்ணன். “கடிகாரத்துக்கே சீட்டு ஒட்டினவங்களுக்குக் கவனக்குறைவாம்.”

மூக்கி அன்றே பாட்டில்களை எடுத்து வந்து தன் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். மதியம் கை கழுவித் திரும்பியபோது இரண்டும் அங்கே இல்லை. மறுநாள் காலை கழிவு அறை அலமாரியில் கழுவிக் கவிழ்ந்திருந்தன.

ஆய்வு நாள் வந்தது. புகைபோக்கி விசிறியைச் சரிசெய்யக் கணவனுக்கு உத்தரவு ஏற்கெனவே வந்திருந்தது. நான்கு மணிக்கு மேல், தான் வாசலில் நிற்கும்போதுதான் அந்த அறைக்குள் போக வேண்டும் என்று அவனிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவனும் சரி சரி என்று தலையாட்டியிருந்தான்.

காலையெல்லாம் மாதிரி எடுக்க அவள் ஆலைக்கும் கூடத்துக்குமாக அலைந்தாள். மதியம் திரும்பி வந்து, கை கழுவக் குழாயைத் திறந்தாள். குழாய் இருமியது. சோப்பை எடுத்துத் தேய்த்தாள்.

சோப்பு மணக்கவில்லை.

கையை முகத்தருகே கொண்டுபோனாள். எதுவும் இல்லை. ஜன்னல் பக்கம் போனாள். வெளியே தோல் வண்டி நின்றுகொண்டிருந்தது, ஈரத் தோல் மலை மாதிரி குவிந்து, ஈ மொய்த்துக்கொண்டு. அதுவும் மணக்கவில்லை.

அந்த அறை இன்றைக்கு நிலைப்படியைத் தாண்டியிருந்தது.

டிங். டிங்.

திரும்பினாள். கழிவு அறைக் கதவில் அவள் போட்ட பூட்டு திறந்து தொங்கியது. கதவோரம் கணவனின் செருப்பு.

புதுப் பூட்டுக்கு அவள் அலுவலகத்தில் கொடுத்திருந்த இன்னொரு சாவி மேலாளர் கைக்குப் போயிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. ஆய்வுக்காரர்கள் இரண்டு மணிக்கே வருகிறார்கள், விசிறி இப்போதே சுற்ற வேண்டும் என்று அவனை அனுப்பியிருக்கிறார்.

கூடத்து வாசலுக்கு ஓடி, வெளிக்காற்றை நெஞ்சு நிறைய இழுத்து அடக்கிக்கொண்டு, திரும்பி ஓடி வந்து கதவைத் தள்ளினாள்.

ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. ஏணியில் யாரும் இல்லை.

அவன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான்.

கன்னம் இரண்டும் சிவந்து, எட்டு வருஷத்தில் முதல்முறையாக அழகாக மூச்சு விட்டுக்கொண்டு, எதிரே யாரிடமோ மரியாதையாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

அவன் எதிரில் சிவப்புப் பீப்பாய். மூடி திறந்திருந்தது.

பீப்பாயின் மேல், யார் கையும் இல்லாமல், எறும்பு அமிலப் பாட்டில் சாய்ந்து நின்றது.

பதற்றமே இல்லை அந்தச் சாய்வில். வேலை தெரிந்தவர்கள் ஊற்றுகிற மாதிரி, கண்ணாடிக் குச்சியின் மேல் மெல்ல வழியவிட்டு, ஒரு துளி சிதறாமல் ஊற்றிக்கொண்டிருந்தது.

மூச்சு முட்டியது. அவனைச் சட்டையோடு பிடித்து இழுத்தாள். கனமாக அவள் மேல் சரிந்தான். குதிகால் தரையில் தேய, நிலைப்படி, கூடம், படிக்கட்டு என்று இழுத்து வந்து முற்றத்தில் போட்டாள். அதற்கு மேல் அவளால் அடக்க முடியவில்லை. வாயைப் பிளந்து மூச்சு வாங்கினாள்.

நாற்றம் வந்தது. ஈரத் தோல், ஈ, சுண்ணாம்பு எல்லாம் வந்தன.

பின்னால், கூடத்தின் உள்ளே, கடைசிச் சொட்டு உதிர்ந்தது.

டிங். டிங்.

மருத்துவமனையில் அவனுக்குப் பிராணவாயு வைத்தார்கள். சாயங்காலம் கண் விழித்தான். அவள் அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள், அழுது அழுது அவள் மூக்கும் அடைத்துப்போயிருந்தது.

“உள்ளே ஒரு அக்கா இருந்தாங்க,” என்றான் மெல்ல. “வெள்ளைக் கோட்டு. ‘நின்னுட்டே இருக்கீங்களே தம்பி, உட்காருங்க, ஒரு நிமிஷ வேலைதான்’னாங்க. ரொம்ப நல்ல மாதிரி. பாட்டிலுக்கு ஒரு குச்சி வெச்சிருந்தாங்க. கழுவிட்டு வாங்கிக்கிறேன், கொஞ்சம் பிடிங்கன்னு என்னமோ கையில கொடுத்தாங்க.”

“ஊத்தும்போது ஏதாவது சொன்னாங்களா?”

“சொல்லலை. ஒவ்வொரு தடவையும் பீப்பாய்ல இருக்கிறதைப் படிச்சாங்க. படிச்சுட்டு ஊத்தினாங்க.”

அந்த இரவு அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது அவளுக்கு எல்லாம் விளங்கியது. அக்காவுக்கு யார் மேலும் கோபம் இல்லை. அக்கா வேலை பார்க்கிறாள். லேபிளில் அமிலம் என்றிருக்கிறது, பாட்டிலில் இருப்பதும் அமிலம். ஊற்றுகிறாள். இன்னும் மூன்று வருஷம் ஆனாலும் ஊற்றுவாள், ஸ்டூலில் யார் உட்கார்ந்திருந்தாலும்.

மறுநாள் காலை மேலாளரைக் கையோடு கூட்டிப் போனாள். கதவுகளையெல்லாம் திறந்து வெகுநேரம் காற்றோட விட்டாள். அவர் படிக்கட்டிலேயே நின்றார். அவள் உள்ளே போய்ச் சிவப்புப் பீப்பாயின் அச்சுச் சீட்டை உரித்து எடுத்து வந்து அவர் எதிரில் நீட்டினாள்.

“இது யார் ஒட்டினது சார்?”

அவர் அதை வாங்கவில்லை. 

“அப்பவும் ஆய்வு வந்துது. அமிலத்துக்கெல்லாம் ஒரே நிறம், ஒரே பீப்பாய், அச்சடிச்ச சீட்டுதான் இருக்கணும்னாங்க. அவ ரெண்டு அமிலத்தையும் தனித்தனியா வெச்சு, சேர்க்காதேன்னு அவ கையால எழுதி ஒட்டியிருந்தா. அதைக் கிழிச்சது நான்தான். முறைதான் பெருசு, உன் கிறுக்கல் வேணாம்னேன். சரி சார், இனிமே லேபிள்படி செய்றேன்னா. அமிலம் அமிலத்தோடதானேன்னு நானும் நினைச்சேன்மா.”

“அறிக்கையில கவனக்குறைவுன்னு எழுதினீங்களே.”

அவர் கை நீட்டி அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டார்.

“அவங்க கவனமாப் படிச்சாங்க சார். அதனாலதான் செத்தாங்க.”

 பார்த்தே இராத ஒருத்திக்காக இப்படி வயிறு எரியும் என்று அவள் நினைத்ததில்லை.

புது ஜாடிகள் இரண்டு வைத்தாள். வெள்ளைச் சீட்டு எடுத்து, தன்னுடைய கோணல் கையெழுத்தில் எழுதினாள். ‘அக்கா, எறும்பு அமிலம் இதில் மட்டும்.’ ‘அக்கா, கந்தக அமிலம் இதில் மட்டும். இரண்டும் சேரவே கூடாது.’ ஒட்டிவிட்டு, பாட்டில்களை அலமாரியில் வைத்து, கூடத்து வாசலில் போய் நின்றாள். எத்தனை மணிக்கென்று அவளுக்குத் தெரியும்.

ஒரு மணிக்குப் பத்து நிமிடம்.

டிங். டிங்.

கொஞ்ச நேரம் அமைதி. பிறகு தள்ளி, வேறு இடத்திலிருந்து.

டிங். டிங்.

தனித்தனியாக.

பயந்து பயந்து கழிவு அறை வாசல் வரைக்கும் போனாள். நிலைப்படியைத் தாண்டும்போது மூச்சை இழுத்தாள். தோல் நாறியது. துரு நாறியது. எறும்பு அமிலம் மூக்கில் சுரீரென்று குத்திக் கண்ணில் நீர் வரவழைத்தது. அங்கேயே நின்று அந்த நாற்றத்தையெல்லாம் ஆசை தீர இழுத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள். அவள் எழுதிய இரண்டு சீட்டுகளின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு சரிக் குறி இருந்தது.

அதற்குப் பிறகு அந்த அறையில் எந்தச் சத்தமும் இல்லை. பாட்டில்கள் வைத்தது வைத்தபடி இருந்தன. மேலாளர் அறிக்கையைத் திருத்தி எழுதி அனுப்பினார். கிடங்கு அண்ணன் படிக்கட்டைத் தாண்டி உள்ளே வந்து, குட்டைக்கால் நாற்காலியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார். அக்கா போய்விட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். மூக்கியும் நம்பினாள்.

விடுமுறை நாள். கணவன் தானே சமைப்பதாகச் சொல்லி அவளைக் கட்டிலை விட்டு எழ விடவில்லை. அவள் செய்தித்தாளைப் புரட்டிக்கொண்டு கிடந்தாள். சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனை வந்தது. எண்ணெய் கொஞ்சம் அதிகம், உப்பு இன்னும் போடவில்லை என்று படுத்தபடியே கணக்குப் போட்டாள். பல நாளைக்குப் பிறகு மனசு லேசாக இருந்தது.

டிங். டிங்.

செய்தித்தாள் கையிலிருந்து விழுந்தது. எப்படி ஓடினாள் என்று தெரியாது, சமையலறை வாசலில் போய் நின்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் பார்த்து நின்று, டம்ளரில் வெந்நீரும் தேனும் கலக்கிக்கொண்டிருந்தான். கலக்கியது ஒரு கண்ணாடிக் குச்சியால்.

“ஏங்க. அது எங்கேயிருந்து வந்துது?”

“இதா? என் பைக்குள்ள கிடந்துது. அன்னைக்கு ஆஸ்பத்திரியில என் கையில இருந்துச்சாம், நர்ஸ் பையில போட்டிருக்காங்க. நல்ல குச்சி, தேன் ஒட்டவே மாட்டேங்குது.”

 இதுதானா என்று நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கக்கூடச் செய்தாள்.

“இன்னைக்கு என்னமோ மூக்கு நல்லா திறந்திருக்கு மூக்கி,” என்றான் அவன் திரும்பாமலே. “சளியே இல்லை.”

அவன் சட்டை முதுகில் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. இடது பக்கம் சாய்ந்த சின்ன எழுத்து, மை இன்னும் காயவில்லை.

‘தம்பிக்கு மூக்கடைப்பு. இனி நான் பார்த்துக்கொள்கிறேன்.’

ஓரத்தில் சரிக் குறி இல்லை. அதற்கான இடம் காலியாக விட்டிருந்தது.

மூக்கி வாயைத் திறந்தாள். அப்போதுதான் அடுப்பைப் பார்த்தாள். வாணலியில் வெங்காயம் கரிக்கட்டையாகக் கருகிப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது. புகை அவள் முகத்தில் வந்து மோதியது.

அவளுக்கு எந்த வாசனையும் வரவில்லை.